அம்மம்மா கேட்ட படம்

மகளின் நடன நிகழ்ச்சிக்கு முதல் நாள் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா அழைத்தார். "தம்பி, மேடை முழுக்க எனக்கு வேண்டாம். பிள்ளையின்ர முகத்தைக் கிட்டவா எடுத்து அனுப்புங்கோ. அபிநயம் கண்ணிலதானே."

மண்டபத்தில் கமெரா வைத்திருப்பவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால்தான் நிற்கலாம் என்றார்கள். என்னிடம் 70-200 எஃப் 2.8 லென்ஸ் இருந்தது. அதற்கும் கமெராவுக்கும் நடுவில் 2 மடங்கு டெலிகன்வெர்ட்டரை மாட்டினேன். 200 மிமீ 400 ஆகும், முகம் நிறைய வரும் என்பது என் கணக்கு.

முகம் பெரிதாகத்தான் வந்தது, தெளிவாக வரவில்லை. வீட்டில் படங்களைப் பார்த்த மகள், "அப்பா, எனக்குக் கையே இல்லையே!" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். அந்த வர்ணத்துக்கு அவள் எட்டு மாதம் பழகியிருந்தாள்.

பிழை என்னுடையது. 2 மடங்கு கன்வெர்ட்டர் தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும். ஆனால் வெளிச்சத்தில் 2 ஸ்டொப்பை எடுத்துக்கொள்ளும். எஃப் 2.8 லென்ஸ் 5.6 ஆகிவிடும். 1/250 வேகத்தில் எடுக்கவேண்டிய நடனத்தை 1/60இல் எடுத்தால் முத்திரை எங்கே தெரியும்? வேகத்தை விடாமல் பிடித்தால் ஐஎஸ்ஓ 3200 இருந்த இடத்தில் 12800 வேண்டும். படம் முழுக்கப் புள்ளிதான். 1.4 மடங்கு என்றால் 1 ஸ்டொப்தான் போகும், எஃப் 4இல் நிற்கும்.

அதற்காக அதைக் குப்பையில் போடவேண்டியதில்லை. ஜூன் மாதம் யோர்க்ஷயரில் பெம்ப்டன் பாறைகளுக்குப் போனபோது, நல்ல வெயிலில் அதே 2 மடங்கை வைத்துத்தான் பஃபின் பறவைகளை எடுத்தோம். மகளே எடுத்தாள்.

வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று: எல்லா லென்ஸுக்கும் இது பொருந்தாது. கமெராவோடு வரும் 18-55இல் மாட்டப் பார்க்காதீர்கள். பல கன்வெர்ட்டர்களின் முன் கண்ணாடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லென்ஸின் பின்பக்கத்தில் முட்டும். 100-400 எஃப் 4.5-5.6 லென்ஸில் 1.4 மடங்கு போட்டாலே 400இல் எஃப் 8 ஆகிவிடும். பழைய டிஎஸ்எல்ஆர் பலவற்றில் அப்போது ஓட்டோஃபோகஸ் வேலை செய்யாது. கமெரா நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள்.

அடுத்த வருஷம் டீச்சரிடம் கேட்டேன். உடை ஒத்திகையன்று மேடைக்குக் கிட்ட நிற்க விட்டார். கன்வெர்ட்டரைப் பையிலேயே வைத்துவிட்டு, 200 மிமீ, எஃப் 2.8, 1/250 என்று எடுத்தேன். அன்றிரவே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அம்மம்மா உடனே அழைத்தார். "தம்பி, இப்பதான் பிள்ளை என்னைப் பார்க்கிறாள்."

இத்தனைக்கும் நான் செய்தது, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இருபது அடி முன்னால் போனதுதான்.