இரும்பு நுகம்

காளையையும் கலப்பையையும் பிணைப்பது நுகத்தடி. உழவின் பெருமையைப் பேசுவோர் காளையைப் போற்றுவர், கலப்பையைப் போற்றுவர், நுகத்தடியை நினைப்பவர் சிலரே. ஆயினும் அது பொருந்தாவிடில் காளையின் கழுத்து புண்ணாகும், உழவும் செம்மையுறாது. காளையின் இடத்திற்கு டிராக்டர் வந்தபோது, இம்மறதிக்கு மனித உயிர்கள் விலையாயின.

1917இல் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் டிராக்டர்கள் உருவாகத் தொடங்கின. கலப்பை அவற்றின் பின்னே கொக்கியில் மாட்டி இழுக்கப்பட்டது. கொழு, மண்ணுள் புதைந்த பாறையில் சிக்கினால் கலப்பை நின்றுவிடும், எஞ்சினோ நிற்காது. பின்சக்கரங்கள் உருள இயலாத நிலையில், அவற்றின் அச்சைச் சுற்றி டிராக்டரே மேலெழும்பி ஓட்டுநர்மீது கவிழும். உழச் சென்றோர் பலர் உயிருடன் வீடு திரும்பவில்லை.

இக்கேட்டுக்குத் தீர்வு கண்டவர் ஹாரி ஃபெர்குசன். 1884இல் அயர்லாந்தில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். 1909இல் தாமே உருவாக்கிய வானூர்தியில் பறந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில் டிராக்டர்களின் செயல்திறனை உயர்த்தும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. டிராக்டரும் கலப்பையும் இரண்டல்ல, ஓருடல் என்பதே அவர் கண்ட உண்மை.

கீழே இரண்டு, மேலே ஒன்று என மூன்று தண்டுகளால் அவர் கலப்பையை டிராக்டரோடு பிணைத்தார். கலப்பை தடைபட்டால் மேல்தண்டு முன்னோக்கி அழுத்தி, முன்சக்கரங்கள் மேலெழாமல் காக்கும். மண்ணின் எதிர்ப்பு மிகும்போது, எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் அமைப்பு கலப்பையைச் சற்றே உயர்த்தும். அதன் சுமை பின்சக்கரங்களில் இறங்க, அவை வழுக்காமல் நிலத்தைப் பற்றும். எனவே, எடை குறைந்த சிறு டிராக்டரும் ஆழ உழுதது. உழும் ஆழத்தைத் தானே சீராக்கும் முறைக்கு 1926இல் காப்புரிமை கிடைத்தது.

1938இல் ஹென்றி ஃபோர்டும் ஃபெர்குசனும் கைகுலுக்கி உடன்பட்டனர், ஒப்பந்தம் எழுதப்படவில்லை. மறு ஆண்டே அவர்களது டிராக்டர் சந்தைக்கு வந்தது. 1947இல், ஃபோர்டின் பேரன் காலத்தில் அவ்வுறவு முறிந்தது. வழக்கு மூண்டு, 1952இல் ஃபெர்குசனுக்கு 92.5 இலட்சம் டாலர் வழங்கும் உடன்பாட்டில் முடிந்தது. இரும்பைப் பிரியாது பிணைத்தவரால் மனிதப் பிணைப்பைக் காக்க இயலவில்லை.

ஆயினும் அம்மூன்று தண்டுகள் உலகெங்கும் நிலைபெற்றன. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனமும் மாசி ஃபெர்குசன் நிறுவனத்தின் கூட்டுறவோடே டிராக்டர்களை உருவாக்கத் தொடங்கியது. இன்று நம் வயல்களில் உழும் டிராக்டரின் பின்புறத்தை உற்றுநோக்கினால் அவ்விரும்பு நுகத்தைக் காணலாம். ஆற்றல் எஞ்சினில் பிறக்கிறது. அது உழவாவது இணைப்பினாலேயே.