பின்பனியில் ஒரு பயணமும் மூன்று நாட்காட்டிகளும்

பனி என்ற சொல்லால் எதைக் குறிக்கிறோம் என்பதில் சேலம், நாமக்கல் பக்கத்து மக்களுக்குக் குழப்பம் ஏதுமில்லை. மார்கழி விடியலில் சோளத்தட்டின்மேல் நிற்கும் நீர்த்துளி பனி. போதமலையின் இடுப்பை மறைத்து நிற்கும் வெண்புகையும் பனி. தலையில் துண்டு கட்டாமல் வாசலுக்குப் போனால் சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் எச்சரிக்கும் குளிரும் பனிதான். வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கி முழங்கால் உயரத்திற்குக் கிடக்கும் பொருளுக்கென்று தனிச்சொல் ஒன்றை இந்தச் சமவெளி உண்டாக்கிக்கொள்ளவில்லை. தேவை நேரவில்லை. ஏட்டில் எழுதும்போது உறைபனி, வெண்பனி என்று அடைமொழி சேர்த்துக்கொள்கிறோம்.

தொல்காப்பியத்தின் பெரும்பொழுதுகளை வகுப்பில் நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு மாணவராவது எழுந்து, “ஐயா, நமக்கு வெயில் காலம், மழைக் காலம் ரெண்டுதானுங்களே, ஆறு எங்கிருந்து வந்ததுங்க?” என்று கேட்பதுண்டு. மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் முன்பனியைக் குறிஞ்சிக்கும் பின்பனியைப் பாலைக்கும் உரியதாக நம் முன்னோர் ஏன் பிரித்தார்கள் என்று விளக்கப் புகுந்தால் ஒரு பாடவேளை போதாது. பாலை பிரிவின் திணை. பின்பனியின் நண்பகலில் இராசிபுரத்துச் சாலையில் நடந்து பார்த்தவருக்கு அந்தப் பகுப்பின் நியாயம் ஓரளவு விளங்கும். விடியலில் குளிர், உச்சியில் சுடுவெயில். இரண்டும் ஒரே நாளில்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குப் பனிச்சறுக்கில் ஆசை வந்தது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்ட ஒரே வீரர் காஷ்மீரின் ஆரிஃப் கான். அவரைப் பற்றிப் படித்ததிலிருந்து அவள் குல்மார்க் பேச்சாகவே இருந்தாள். 2024 பொங்கல் விடுமுறைக்குப் போவது என்று முடிவாயிற்று.

செலவைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது. அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. இராசிபுரத்திற்கு அருகில் கிராமத்து வீட்டில் இருக்கிறார். நினைவு மெல்ல நழுவத் தொடங்கியிருப்பதாக மருத்துவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் சொல்லியிருந்தார். சேலத்திலிருந்து நான், ஆத்தூரிலிருந்து தங்கை, திருப்பூரிலிருந்து தம்பி என மூவரும் முடிந்தபோதெல்லாம் போய்வந்துகொண்டிருந்தோம். நான் ஒரு வாரம் இல்லை என்றால் அந்த வாரத்தில் யார், எந்த நாள் என்பதைப் பேசியாக வேண்டும். தங்கை ஒரு தாளில் கட்டம் போட்டு நாள்களை எழுதினாள். எங்கள் குடும்பத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எழுத்தில் இறங்கியது அதுவே முதல்முறை.

எழுதியபடி நடக்கவில்லை. 2024 ஜனவரியில் குல்மார்க்கில் பனியே இல்லை. பழுப்பேறிய புல்வெளியின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தன. பயணத்தை மாசிக்குத் தள்ளினோம். தங்கையின் கட்டம் முழுவதையும் அழித்து எழுத வேண்டியதாயிற்று. தம்பி பனியன் தொழிலில் தினக்கூலி. ஒருமுறை கேட்டு வாங்கிய நாளை மறுமுறை கேட்டு மாற்றுவது அவனுக்கு எளிதன்று. ஆனாலும் மாற்றிக்கொடுத்தான்.

மாசி பிறந்த வாரத்தில் பெங்களூர் வழியாக ஸ்ரீநகர் சென்று இறங்கினோம். ஊர்ப் புறத்தில் சாலையோரம் டி.என். 28 எண்கொண்ட லாரி ஒன்று நின்றிருந்தது. நாமக்கல் வண்டி. ஓட்டுநரிடம் ஊர்ப்பேச்சு பேசாமல் போக முடியுமா? ஆப்பிள் ஏற்ற வந்தவர், மலைச்சாலையில் மண்சரிவால் மூன்று நாள் நின்றுவிட்டு வந்திருக்கிறார். “இந்த ரூட்டுல தேதி சொல்லி வரக்கூடாதுங்க. கெளம்பற நாளு நம்முது, சேர்ற நாளு மலையோடது” என்றார்.

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஏற்காட்டைப் போல் ஒன்றே முக்கால் மடங்கு. அங்கிருந்து கம்பிவட வண்டி இரண்டு கட்டமாக அஃபர்வத் மலைத்தோள்வரை ஏறுகிறது. முதற்கட்டம் 1998இலும் இரண்டாம் கட்டம் 2005இலும் இயங்கத் தொடங்கின. எங்களைப் போன்ற புதியவர்களுக்கு அந்த உச்சி வேடிக்கை பார்க்க மட்டுமே. கீழே, குழந்தைகளும் கற்றுக்கொள்ளும் சரிவில்தான் பயிற்சி. கெட்டிக் காலணி, அதில் பூட்டிய இரண்டு நீண்ட பலகைகள், கைக்கொன்றாக இரண்டு கோல்கள். முதலில் சொல்லித்தருவது சறுக்குவதை அன்று, நிற்பதை. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை அகற்றி, உட்புற விளிம்பால் பனியை அழுத்தினால் வேகம் குறைகிறது. மகள் இரண்டாம் நாளே சரிவில் வளைந்து வளைந்து இறங்கினாள். நானும் மனைவியும் நிற்பதில் தேறினோம்.

பயிற்றுநர் உள்ளூர் இளைஞர். ஓய்வு நேரத்தில் அவர் சொன்ன கணக்கு என்னை நிமிர வைத்தது. காஷ்மீரிகள் தம் கடுங்குளிரை மூன்றாகப் பகுக்கிறார்கள். டிசம்பர் 21இல் தொடங்கி நாற்பது நாள் சில்லை கலான், அடுத்த இருபது நாள் சில்லை குர்த், கடைசிப் பத்து நாள் சில்லை பச்சா. பெரிய குளிர், சின்னக் குளிர், குழந்தைக் குளிர் என்று தமிழில் சொல்லலாம். முன்பனியையும் பின்பனியையும் பாடமாக மட்டுமே நடத்திவந்த எனக்கு, பருவத்தைப் பெயரிட்டு நாள் எண்ணி வாழும் மக்களை நேரில் பார்ப்பது பெரும் மகிழ்ச்சியாக இருந்தது. அவர் முகத்தில் அந்த மகிழ்ச்சி இல்லை. பெரிய குளிரில் விழும் பனிதான் இறுகித் தங்கிக் கோடையில் ஓடைகளுக்கு நீர் தரும். பிந்தி விழுவது விரைவில் உருகிவிடும். அந்த ஆண்டு நாற்பது நாளில் பெரும்பகுதி வெறுமையாகக் கழிந்திருந்தது. அவருடைய ஆண்டு வருமானமும் அந்த எழுபது நாளுக்குள் அடங்கியது. மறு ஆண்டும் இதே கதை. குல்மார்க்கில் 2025 பிப்ரவரியில் நடக்கவேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள்.

நமக்கும் இப்படி ஒரு தேதி உண்டு. ஜூன் 12, மேட்டூர் அணையைப் பாசனத்திற்குத் திறக்கும் நாள். 2022இல் நீர் நிறைந்து மே 24லேயே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28வரை காத்திருக்க நேர்ந்தது. தேதி சுவரில் அப்படியே இருக்க, அணையில் நீர் இருந்தால்தான் திறப்பு.

ஊர் திரும்பியதும் தங்கை அந்தத் தாளை எடுத்துக் காட்டினாள். நாங்கள் இல்லாத நாள்களில் மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை. இதையே வழக்கமாக்கலாமே என்றாள். மாதக்காட்டி ஒன்றை வாங்கி அம்மாவின் சமையலறைச் சுவரில் மாட்டினோம். எனக்கு நீல மை, தங்கைக்குச் சிவப்பு, தம்பிக்குப் பச்சை. மகள் எங்கள் கைபேசிகளிலும் பொதுவான நாட்காட்டி ஒன்றை அமைத்துத் தந்தாள். மருத்துவரைப் பார்க்கும் நாள், மாத்திரை தீரும் நாள், பக்கத்து வீட்டு அக்கா துணைக்குப் படுக்கும் நாள் எல்லாம் அதில் ஏறின.

இரண்டு மாதம் சென்றதும் சுவரில் நீலமும் சிவப்பும் மிகுந்து, பச்சை அங்கங்கே மட்டும் தெரிந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் வருகிற உறவினர் கண்ணில் அது பட்டுவிடும். நான் எடுப்பது சம்பளத்தோடு கூடிய தற்செயல் விடுப்பு. தம்பி ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகும், பேருந்துச் செலவு வேறு. நிறம் நாளை எண்ணுமே தவிர அதன் விலையைச் சொல்லாது. கூலியை நானும் தங்கையும் பகிர்ந்து தருகிறோம் என்றதற்கு அவன் முகம் சுண்டியது. “அம்மாவப் பாக்கறதுக்குக் கூலியா?” என்றான். பிறகு தங்கைதான் வழி கண்டாள். மூவருக்கும் ஒரே கறுப்பு மை. பயணச் செலவும் மருந்துச் செலவும் ஒரு பொது உண்டியலிலிருந்து. அதில் அவரவர் போடுவதை எவரும் எண்ணுவதில்லை.

அம்மா இந்த ஏற்பாடு எதையும் பொருட்படுத்தவில்லை. அவருடைய நாட்காட்டி வேறு. கூடத்தில் தொங்கும் சிவகாசித் தினத்தாள் காலண்டர். ஆடிப்பெருக்கன்றே சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான மாதிரிகள் வெளியாகிவிடுகின்றன. புத்தாண்டுக்குக் கடைக்காரர் கையால் வந்து சேரும் அந்தக் கட்டில் திதி, நட்சத்திரம், இராகுகாலம், சூலம், சந்திராட்டமம் எல்லாம் உண்டு. கிழித்த தாளின் வெற்றுப்பக்கம் பல ஆண்டுகளாக அம்மாவின் பால் கணக்கு நோட்டு.

அந்தப் பங்குனியில் ஒரு சனிக்கிழமை போனபோது காலண்டர் ஒன்பது நாள் முன்னே ஓடியிருந்தது. படுத்து எழுந்தால் விடிந்துவிட்டதாக அவருக்குத் தோன்றுகிறது. உடனே ஒரு தாள். பகல் தூக்கத்திற்குப் பிறகும் ஒன்று. அதைக் கழற்றி வைத்துவிடலாம் என்று தம்பி சொன்னபோது அம்மா வேகமாக மறுத்தார். “நாளு போவுதுன்னு நாந்தான கிழிக்கோணும்? அதுவும் நீங்களே பண்ணிட்டா எனக்கு என்ன சாமி வேல?”

மாத்திரையை நாங்கள் எடுத்துத் தருகிறோம். அடுப்பை அக்கா மூட்டுகிறார். ஆட்டுக்குட்டிகளை விற்றாகிவிட்டது. அந்த வீட்டில் அம்மாவின் அதிகாரத்தில் மிஞ்சியிருப்பது அந்தத் தாள் ஒன்றே. புதிய காலண்டர் ஒன்றைச் சரியான தேதிவரை கிழித்து மாட்டி, மீதித் தாள்களை ஒரு கவ்வியால் பிடித்து வைத்தோம். காலையில் அன்றைக்கு முறை யாரோ அவர் கவ்வியை எடுக்க, அம்மா கிழிப்பார். பிறகு கிழமையையும் நட்சத்திரத்தையும் உரக்கப் படிப்பார். படிப்பதில் இன்றுவரை தடுமாற்றமில்லை.

சமையலறை மாதக்காட்டியில் இப்போது ஒவ்வொரு நாளுக்கும் முதல் வேலையாகக் கறுப்பு மையில் ‘தாள்’ என்று எழுதியிருக்கிறது. மாத்திரை அதற்கு அடுத்தது.