டாலி: தற்காலிக முகவரி

மலையடிவாரத்து அமைதி நகரம் வெளிநாட்டாருக்கு எல்லாம் தருகிறது, நிரந்தரத்தைத் தவிர.

சீனா முழுவதற்கும் ஒரே கடிகாரம். பெய்ஜிங்கில் எட்டு மணி என்றால் தென்மேற்கு மூலையில் இருக்கும் யுன்னான் மாகாணத்திலும் எட்டு மணிதான். அதனால் டாலி நகரில் குளிர்காலச் சூரியன் எட்டு மணி வாக்கில்தான் தலைகாட்டுகிறது. புதிதாகக் குடிவரும் வெளிநாட்டுக்காரருக்கு முதலில் குழப்பம். சில வாரங்களில் பழகிவிடுகிறது. இங்கே யாருக்கும் அவசரமில்லை.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம். மேற்கே 19 சிகரங்கள் கொண்ட சாங்ஷான் மலை. உச்சி 4,122 மீட்டர். கிழக்கே சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எர்ஹாய் ஏரி. நடுவே பழைய ஊர். பாய் இன மக்களின் பூமி இது. சலவைக்கல்லுக்குச் சீன மொழியில் 'டாலிக் கல்' என்றுதான் பெயர். 937 முதல், 1253இல் குப்ளாய் கானின் படை கைப்பற்றும்வரை, டாலி ஒரு தனி அரசின் தலைநகரம். அங்கே தழைத்த தாந்திரிக பௌத்தத்தை 'அஜலி' என்கிறார்கள். 'ஆசாரிய' என்ற சமஸ்கிருதச் சொல்தான் சீன நாக்கில் அப்படி ஆயிற்று. வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவது ஊருக்குப் புதிதல்ல.

பாய் மக்களைப் பற்றி ஆராய வந்த ஆங்கிலேயர் சி.பி. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1936 முதல் 1938 வரை இங்கே வாழ்ந்தார். பிறகு நெடுங்காலம் கதவு மூடிக் கிடந்தது. 1984இல் டாலி வெளிநாட்டுப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. முதுகில் மூட்டையோடு வந்தவர்களுக்காக ஹூகுவோ தெருவில் காபிக் கடைகள் முளைத்தன. தெருவுக்கே 'வெளிநாட்டார் தெரு' என்று பெயர் வந்துவிட்டது. வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவில்லை. பக்கத்து ஊரான ஷிஜோவில் ஒரு பழைய மாளிகையைச் செப்பனிட்டு, 2008இல் தங்கும் விடுதியாகத் திறந்தார் அமெரிக்கரான பிரையன் லிண்டன்.

தங்கிவிட்டவர்களின் நாட்கள் எளிமையானவை. முற்றம் வைத்த வீடு. சந்தையில் முதுகுக் கூடையோடு பாய் பெண்கள். மழைக்காலத்தில் காட்டுக் காளான். பாலைத் திரித்து விசிறி போல் காயவைத்த 'ருஷான்', சுட்டால் மொறுமொறுப்பு. வகுப்பில் படித்த சீனம் சந்தையில் பாதிதான் செல்லுபடியாகும். கிழவிகள் பேரம் பேசுவது பாய் மொழியில். குளிர்காலத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கும், வீட்டுக்குள்ளோ நடுக்கம். வடசீனத்தைப் போல் குழாய் வழி வெப்ப வசதி இங்கே கிடையாது. கூகிள் திறக்காது. காய்கறிக்குக்கூடக் கைபேசியில்தான் காசு.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது காகிதம்.

சொந்த வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 2013 ஜூலையில் அமலுக்கு வந்த சட்டம். வேலை அனுமதி வேண்டுமானால் வேலை தர ஒருவர் வேண்டும். 60 வயதைத் தாண்டினால் பெரும்பாலும் சிக்கல். ஓய்வு பெற்று வந்து தங்குவோருக்கென்று தனி விசா இல்லை. உள்ளூர்ப் பெண்ணை மணந்தால் குடும்ப அடிப்படையில் தங்கலாம். அந்த அனுமதியை வைத்து வேலை பார்க்க முடியாது. வீட்டு வாடகை ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக எழுதினாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் சட்டப்படி செல்லாது. பத்து வருடம் வாழ்ந்தவரும் அனுமதி முடியும் தேதியை மனப்பாடமாக வைத்திருப்பார்.

அந்தக் காகிதத்தின் பலமும் 2020இல் தெரிந்தது. கொரோனாவால் மார்ச் 28 முதல், செல்லுபடியாகும் குடியிருப்பு அனுமதி வைத்திருந்தவர்களுக்கும் சீனா கதவை அடைத்தது. ஊருக்குப் போயிருந்தவர்களின் வீடும் சாமானும் நாயும் உள்ளே, அவர்கள் வெளியே. செப்டம்பர் 28 அன்று சில வகை அனுமதிகளுக்கு மட்டும் கதவு திறந்தது. வந்திறங்கியவர்களுக்குக் கட்டாயத் தனிமை 2023 ஜனவரி 8 வரை நீடித்தது.

அமைதிக்கும் இதே கதிதான். பெருநகர வாழ்க்கையில் சலித்த சீன இளைஞர்களும் டாலியைக் கண்டுகொண்டார்கள். ஏரிக்கரையெங்கும் விடுதிகள் பெருகின, தண்ணீர் கெட்டது. 2017 ஏப்ரலில் கரையோர விடுதிகளும் உணவகங்களும் ஆயிரத்துக்கும் மேல் மூடப்பட்டன. கரையைச் சுற்றி இன்று 129 கிலோமீட்டர் பசுமைப் பாதை, சைக்கிள் மிதிக்கலாம். 2018 ஜூலையில் வேக ரயில் வந்து, குன்மிங் நகரம் இரண்டு மணி நேரத் தூரமாகச் சுருங்கியது. 2023 ஜனவரியில் இங்கே படமாக்கிய ஒரு தொலைக்காட்சித் தொடர் வெளியாகி மீண்டும் கூட்டத்தைக் கொண்டுவந்தது. வாடகை ஏறியது. அமைதிக்காக முதலில் வந்தவர்கள், அதே அமைதிக்காகப் பின்னால் வந்தவர்களைக் குறைசொல்கிறார்கள். இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பாய் மக்கள். ஏரி கெட்டாலும் வாடகை ஏறினாலும் வேறு ஊர் தேடிப் போக முடியாதவர்கள் அவர்கள்தான்.

ஆனாலும் குடிவந்தவர்கள் முற்றத்தில் காமெலியா நடுகிறார்கள். டாலி பேர்போன பூ அது. செடி மெதுவாகத்தான் வளரும். அது மரமாகும்போது யார் இருப்பார்கள் என்று தெரியாது. நட்ட மண் வீட்டுக்காரருடையது, செடியும் கடைசியில் அவருக்குத்தான். தண்ணீர் ஊற்றுவது மட்டும் குடியிருப்பவரின் வேலை.