வலங்கைமான் வைக்கோலும் ஜப்பான் சுமோவும்!

தை பிறந்துவிட்டால் கும்பகோணத்திலிருந்து வலங்கைமான் போகிற சாலையில் வைக்கோல் வாசம்தான். சம்பா அறுவடை முடிந்த வயல்களில், இயந்திரம் சுருட்டிக் கட்டிப்போட்ட வைக்கோல் கட்டுகள் வரிசையாகக் கிடக்கும். பஸ் ஜன்னல் வழியே பார்க்கிறவர்களுக்கு அது மாட்டுத் தீவனம். ஜப்பானிய மொழி கற்க நினைக்கிற டெல்டாப் பிள்ளைக்கோ, முதல் பாடமே அங்கேதான் கிடக்கிறது.

வலங்கைமான் என்றதும் பலருக்கு மகாமாரியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவின் பாடைக்காவடி நினைவுக்கு வரும். நோயிலிருந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்துக் கோயிலைச் சுற்றி வந்து நேர்த்திக்கடன் செலுத்துவார்கள். தீபாவளி நெருங்கினால் இங்கு தயாராகும் வெடிக்காக வெளியூர்க்காரர்கள் வருவார்கள்.

இந்த ஊருக்கு மொழியோடும் ஓர் உறவு உண்டு. ‘வெள்ளிநாக்குப் பேச்சாளர்’ என்று புகழப்பட்ட வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி 1869-ல் இங்குதான் பிறந்தார். கும்பகோணத்தில் படித்து, சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்தவர். அந்நிய மொழியான ஆங்கிலத்தில் அவர் பேசுவதை ஆங்கிலேயர்களே வியந்து கேட்டார்கள்.

அன்று வேலைக்கு ஆங்கிலம். இன்று அந்த வரிசையில் ஜப்பானிய மொழியும் சேர்ந்திருக்கிறது. முதியோர் பராமரிப்பு, விவசாயம் போன்ற துறைகளில் இந்தியத் தொழிலாளர்களைச் சேர்த்துக்கொள்ள 2021 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்கு அடிப்படை ஜப்பானிய மொழி தெரிந்திருக்க வேண்டும். ஜே.எல்.பி.டி. எனப்படும் மொழித் தேர்வில் என்5 முதல் படி, என்1 கடைசிப் படி. இந்தத் தேர்வைச் சென்னையிலேயே எழுதலாம். ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்களின் அமைப்பான ‘ஏ.பி.கே. - ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய்’ சென்னையில் பல ஆண்டுகளாக வகுப்பு நடத்துகிறது. ‘தோசோகாய்’ என்றால் முன்னாள் மாணவர் சங்கம்.

ஒரே அரிசிக்கு எத்தனை பெயர்!

புதிதாகச் சேருபவரை முதலில் மிரட்டுவது எழுத்து. ஹிரகானா 46, கதகானா 46. அதற்குமேல், அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு பட்டியலிட்ட சித்திர எழுத்துகள் 2,136. ஆனால், அரிச்சுவடியின் வரிசை நமக்குப் பழகியதுதான். அ, இ, உ, எ, ஒ என்று உயிர் ஐந்து. பிறகு க, ச, த, ந என்று வர்க்கம் வர்க்கமாக நகரும். பௌத்தத் துறவிகள் சம்ஸ்கிருத ஒலியியலைக் கற்றதால் அங்கே போய்ச் சேர்ந்த வரிசை அது.

அடுத்து சொற்கள். ஆங்கிலத்தில் எல்லாமே ‘ரைஸ்’. வலங்கைமான் விவசாயியிடம் அப்படிச் சொன்னால் சிரிப்பார். பயிர் வேறு, நெல் வேறு, அரிசி வேறு, சோறு வேறு. ஜப்பானியரும் அப்படியே. வயலில் நிற்கும் பயிர் ‘இனே’. உமியோடு இருக்கும் நெல் ‘மொமி’. அரிசி ‘கொமே’. சோறு ‘கோஹான்’. வைக்கோல் ‘வரா’. நாம் ‘சாப்பாடு’ என்றாலே சோறுதானே? அவர்களுக்கும் ‘கோஹான்’ என்றால் சோறு, சாப்பாடு இரண்டும்தான்.

வாக்கியம் அமைப்பது இன்னும் சுலபம். ‘வதாஷி வா வலங்கைமான் கரா கிமாஷிதா.’ நான், வலங்கைமான், இலிருந்து, வந்தேன். ‘வா’ என்ற சிறு சொல்லைத் தவிர வரிசை அப்படியே தமிழ். வினை கடைசியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இன்னொரு சலுகையும் உண்டு: வந்தேன், வந்தாய், வந்தார்கள் எல்லாவற்றுக்கும் ஒரே ‘கிமாஷிதா’தான்.

அப்படியானால் இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகளா? ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படித்தான் வாதிட்டார். நம் பொங்கலையும் அங்கே ஜனவரி 15-ல் கஞ்சி காய்ச்சிக் கொண்டாடும் ‘சின்னப் புத்தாண்டை’யும் ஒப்பிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. ஆனால், கற்பவருக்கு உறவுமுறை அவசியமில்லை. ஒத்துப்போகிற இடங்களைப் பிடித்துக்கொண்டு ஏறினால் போதும்.

சேர் தெரியுமா, தவரா தெரியும்!

மொழியோடு பண்பாட்டையும் சொல்லித்தர சுமோ மல்யுத்தத்தைவிட நல்ல வாசல் கிடையாது. சுமோ என்றால் குண்டு மனிதர்கள் மோதிக்கொள்வது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அவர்கள் நிற்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். களிமண்ணை இறுக்கித் தட்டி எழுப்பிய மேடை. பெயர் ‘தொஹ்யோ’. அதன்மேல் 4.55 மீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பு, மண் நிரப்பிய வைக்கோல் மூட்டைகளால் ஆனது. அந்த மூட்டைக்குத் ‘தவரா’ என்று பெயர். முற்காலத்தில் ஜப்பானியர் அரிசி கட்டிவைத்த மூட்டையும் அதுதான். வைக்கோல் பிரி சுற்றி நெல் சேர் கட்டிய தஞ்சாவூர்த் தாத்தாக்களுக்கு அதை விளக்கவே வேண்டாம்.

நான்கு திசையிலும் ஒவ்வொரு மூட்டை மட்டும் சற்று வெளியே தள்ளியிருக்கும். திறந்த வெளியில் ஆடிய காலத்தில் மழைநீர் வடிவதற்கு விட்ட வழி என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால் மடை!

போட்டித் தொடர் தொடங்குவதற்கு முன்பு மேடையின் நடுவே அரிசி, உப்பு, கடற்பாசி போன்றவற்றைப் புதைத்துப் பூஜை செய்வார்கள். வீரர் களமிறங்கும்போது உப்பை அள்ளி வீசுவார். அது தீட்டுக் கழிக்க. மாரியம்மனுக்கு உப்பும் மிளகும் கொட்டுகிற ஊரில் இதற்கும் விளக்கம் தேவையில்லை. வட்டத்தைத் தாண்டினாலோ, பாதம் தவிர வேறு எந்த அங்கம் மண்ணில் பட்டாலோ தோல்வி. ‘நொகொட்டா, நொகொட்டா’ என்று நடுவர் கத்துவார். ‘இன்னும் உள்ளேதான் இருக்கிறாய்’ என்று பொருள். கபடி பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஒரு வினைச்சொல் அங்கேயே மனப்பாடம்.

ஓமிஷிமா தீவின் கோயிலில் நடப்பது இன்னும் சுவாரஸ்யம். நடவுக்கு ஒரு முறை, அறுவடைக்கு ஒரு முறை அங்கே ‘ஒற்றையாள் சுமோ’ நடக்கும். எதிராளி கண்ணுக்குத் தெரியாத நெல் தெய்வம். மூன்று சுற்றில் தெய்வம் இரண்டில் ஜெயிக்கும். வீரர் உருண்டு விழுந்து தோற்றுக்கொடுப்பார். தெய்வம் ஜெயித்தால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை.

போயிட்டு வர்றேன்

இதில் ஒரு முரண் இருக்கிறது. ‘நடவுக்கு ஆளே கிடைக்கலை’ என்கிற புலம்பல் டெல்டாவில் எந்த டீக்கடையிலும் கேட்கும். ஜப்பானிலும் விவசாயிகளுக்கு வயதாகிவிட்டது. அதனால்தான் வெளிநாட்டு இளைஞர்களை அழைக்கிறார்கள். வலங்கைமானில் வயலை விட்டுப் புறப்படுகிற பிள்ளை, அங்கேயும் ஒரு வயலிலேயே போய் நிற்கலாம். அங்கே ஒரு தாத்தாவுக்குச் சோறு ஊட்டுகிற பெண்ணின் தாத்தா, இங்கே திண்ணையில் தனியாக உட்கார்ந்திருக்கலாம்.

அதனால், முதல் வாரத்திலேயே கற்றுத்தர வேண்டிய வாக்கியம் ஒன்று உண்டு. வீட்டைவிட்டுக் கிளம்பும் ஜப்பானியர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘இத்தே கிமாஸ்’ என்பார். போயிட்டு வர்றேன். வீட்டிலிருப்பவர் ‘இத்தே ரஷ்ஷாய்’ என்பார். போயிட்டு வாங்க.

வலங்கைமான் பஸ் ஸ்டாண்டில் பெட்டியோடு நிற்கிற பிள்ளையிடம் அம்மா சொல்லப்போவதும் அதைத்தான்.