அம்பத்தூரிலிருந்து பொக்காராவுக்கு – 1
கூர்க்காவிடம் கேட்ட வழி

மாதம் பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருவுக்குக் கூர்க்கா வருவார். ராத்திரி முழுக்க விசில் ஊதிக்கொண்டு, மின்கம்பத்தைத் தடியால் தட்டிக்கொண்டு போகிற மனிதரை வெளிச்சத்தில் பார்ப்பது அன்று ஒரு நாள்தான். கேட்டுக்கு வெளியே நின்று "சார்" என்பார். ஐம்பது ரூபாய் கொடுப்போம். ஒரு சலாம் வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். 2003-ல் அம்பத்தூருக்குக் குடிவந்ததிலிருந்து இதுதான் வழக்கம், தொகை மட்டும் பத்திலிருந்து ஐம்பதுக்கு ஏறியிருக்கிறது.

இந்தத் தடவை ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பகதூர், இங்கேருந்து உங்க ஊருக்குக் கார்ல போகலாமா?" என்று கேட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் பேரு பகதூர் இல்ல சார்" என்றார்.

இருபத்திரண்டு வருஷம். தெருவில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெயரைச் சொன்னார். பத்திரிகையில் எழுதுவேன் என்றதும், "அது வேணாம் சார்" என்று சிரித்தார். அதனால் இங்கேயும் கூர்க்கா என்றே எழுதுகிறேன், கொஞ்சம் வெட்கத்தோடு. தூங்கி எழுந்து சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தூங்கி எழுவதற்குள் இந்தப் பயணம் முளைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதியே காலம் தள்ளியவன் நான். ஓய்வு பெற்றதும் ஓர் ஆசை வந்தது: சொந்தக் காரில், அவசரமில்லாமல், ஒரு நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டும். இலங்கை பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் தனுஷ்கோடியைத் தாண்டினால் ரோடு கிடையாது. பூட்டானில் இந்தியர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கட்டணம் வாங்குகிறார்கள். நாங்கள் நாலு பேர். படுத்து எழுந்தால் 4,800 ரூபாய், அறை வாடகை தனி. கணக்கெழுதிய கை அதை அங்கேயே அடித்துவிட்டது. மிச்சம் நேபாளம்.

நாலு பேர் என்றது நான், என் மனைவி, அவளுடைய அண்ணன், அண்ணி. மச்சான் ஆவடி டேங்க் பேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவர். போன மாதம் அவர் வீட்டில் மட்டன் குழம்பும் ஈரல் வறுவலுமாக இலை போட்டபோதுதான் முதல் சண்டை. கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கத்தில் ஏற்கெனவே திட்டம் எழுதி வைத்திருந்தார்.

"மாப்ள, மொத்தம் 2,100 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு எழுநூறு. மூணாம் நாள் ராத்திரி சுனோலி பார்டர். காலைல நாலு மணிக்கு எடுத்துடணும்."

"எதுக்கு மச்சான் நாலு மணிக்கு?"

"டிராபிக் இருக்காதுல்ல."

"டிராபிக் இல்லாத ரோட்டுல எதுக்கு எழுநூறு கிலோமீட்டர் ஓடணும்? நின்னு பார்த்துட்டுப் போகலாமே."

"பார்க்க என்ன இருக்கு? எல்லாம் ரோடுதான்."

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. நான் எனக்குத் துணையாக ஏனுகுல வீராசாமியை இழுத்தேன். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1830 மே 18 அன்று ஏறக்குறைய நூறு பேர் பரிவாரத்துடன் இங்கிருந்து பல்லக்கில் காசிக்குக் கிளம்பினார். திருப்பதி, ஐதராபாத், நாகபுரி, ஜபல்பூர் வழியாகப் போய், கல்கத்தா, பூரி பக்கமாகத் திரும்பி 1831 செப்டம்பரில் வீடு வந்து சேர்ந்தார். பதினைந்து மாதம் பதினைந்து நாள். வழியெல்லாம் பார்த்ததைத் தெலுங்கில் எழுதினார், அதுதான் ‘காசி யாத்திர சரித்திர’. ஐதராபாத்திலிருந்து ஜபல்பூர் வரை நாம் போகப்போவதும் ஏறத்தாழ அவர் போன வழிதான் என்றேன்.

"அவரு பல்லக்குல படுத்துக்கிட்டுப் போனாரு மாப்ள. இங்க ஸ்டீயரிங் பிடிக்கிறவன் நான்."

"சண்டை போடறதுன்னா சாப்பிட்டுட்டுப் போடுங்க, குழம்பு ஆறுது" என்று மச்சான் சம்சாரம் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினார். அதற்குப் பிறகும் நாங்கள் நிறுத்தவில்லை. ரசம் வரைக்கும் போனது. மோர் ஊற்றும்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள்.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா? வண்டி யார் பேர்ல இருக்கு?"

டிஎன் 13 என்று ஆரம்பிக்கிற அந்த ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது அவள் பெயர். எல்லையில் வண்டியின் சொந்தக்காரர் நேரில் இல்லையென்றால் அவர் எழுதிக் கொடுத்த அனுமதிக் கடிதம் வேண்டும் என்று நானே அவளிடம் முந்தின வாரம் சொல்லித் தொலைத்திருந்தேன். அவள் போட்ட நிபந்தனைகள்: ஒரு நாளைக்கு முந்நூறுக்கு மேல் ஓடக்கூடாது. விளக்கு வைக்கிற நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாத்ரூமைப் பார்த்த பிறகுதான் லாட்ஜுக்கு அட்வான்ஸ். மூன்றாவதில் எனக்கு அவளைவிட அதிகக் கறார் உண்டு. பேரரசர்கள் கட்டிய கோட்டைகளைப் பார்க்கப் போகிறோம் என்று பெயர், நெடுஞ்சாலைப் பயணத்தில் நம் மானத்தைக் காப்பாற்றுவது பெட்ரோல் பங்க் கழிப்பறையின் தாழ்ப்பாள்தான். மச்சான் பத்திரிகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கூர்க்கா வந்தார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து காபியை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். காகிதமும் பேனாவும் கொண்டுவந்தேன். அவர் கண் ஓரத்தில் கிடந்த கோலம் போடுகிற சாக்பீஸ் மேல் போனது. அதை எடுத்துச் சிமென்ட் தரையில் வரைய ஆரம்பித்தார்.

முதலில் ஒரு நீளக்கோடு. "இது ரப்தி சாகர்." அவர் ஊருக்குப் போகிற ரயில். கோரக்பூரில் இறங்கி, நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக பஸ்ஸில் போனால் சுனோலி. அங்கே குறுக்கே ஒரு கோடு போட்டு, அதன் மேல் வளைவு வரைந்தார். "கேட்டு. அந்தப் பக்கம் நேபாள்." பைரஹவா, புட்வல். அதோடு சமவெளி முடிந்தது. பிறகு சாக்பீஸ் வளைந்து வளைந்து மேலே ஏறியது: பால்பா, ஸ்யாங்ஜா, பொக்காரா. இந்தியா உதவியில் போட்ட மலைப்பாதை அது. ஸ்யாங்ஜாவுக்குப் பக்கத்தில் சாக்பீஸை அழுத்தி ஒரு புள்ளி வைத்தார். எங்கள் வீட்டுக் கோலத்தில் வைக்கிற புள்ளியைவிடப் பெரிதாக இருந்தது.

"அங்க ரோட்டுலேருந்து மேல ஒரு மணி நேரம் நடக்கணும் சார். வூடு."

கடைசியாகப் போய் மூன்று வருஷம் ஆகிறதாம்.

எல்லையில் என்ன கேட்பார்கள் என்றேன். தலையில் மூட்டையோடு நடந்து போகிற அவரை இத்தனை வருஷத்தில் ஒருவரும் பெரிதாக நிறுத்தியதில்லை. 1950-ல் இரண்டு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் அப்படி. இந்தப் பக்கத்து ஆள் அங்கேயும் அந்தப் பக்கத்து ஆள் இங்கேயும் போகலாம், பிழைக்கலாம்.

"ஆளுக்கு ஒண்ணும் இல்ல சார். காருக்குத்தான் பன்சார்."

பன்சார் என்றால் சுங்கம். ஆர்.சி., லைசென்ஸ், இன்சூரன்ஸ் எல்லாம் காட்டி, எத்தனை நாள் இருப்போம் என்று முதலிலேயே சொல்லி, அத்தனை நாளுக்கும் அங்கேயே பணம் கட்ட வேண்டும். நாள் கூடினால் அபராதம். இந்திய வண்டிக்கு வருஷத்துக்கு மொத்தம் முப்பது நாள்தான். நிதானமாகப் போகிறவனுக்கு இதைவிடச் சங்கடம் உண்டா? எங்கே எத்தனை நாள் பிடித்துப்போகும் என்று கேட்டுக்கு இந்தப் பக்கமே தெரிந்திருக்க வேண்டும். பத்து நாள் என்று எழுதிக்கொண்டேன். வீராசாமியாக இருந்தால் பன்சார் வாசலிலேயே சொத்தை எழுதி வைத்திருக்க வேண்டியதுதான்.

"புரோக்கர் கையைப் பிடிச்சு இழுப்பான். பேசாதீங்க. நேரா கவுண்டரு."

எல்லைப் புரோக்கரைப் பற்றி அவர் எச்சரித்தார். நான் ஏமாந்தது அம்பத்தூரிலேயே. நம் கார் இன்சூரன்ஸ் நேபாளத்தில் செல்ல வேண்டுமானால் பாலிசியில் எல்லை விரிவு என்று ஒன்றைச் சேர்க்க வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஏஜென்ட் ஒருவர், "பாரின் கவர் சார், ரொம்ப ரிஸ்க்" என்று நெற்றியைச் சுருக்கி 2,500 ரூபாய் வாங்கினார். நானும் பயந்து கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பாலிசித் தாளைக் கண்ணாடி போட்டுப் படித்தால், அதற்கான கட்டணம் ரூ.500 என்று அச்சாகியிருக்கிறது. போன் செய்தேன். "சர்வீஸ் சார்ஜ்" என்றார். ஆயுசு முழுக்க அடுத்தவர் கணக்கில் பிழை பிடித்தவனுக்கு இது வேண்டும்.

பண விஷயத்திலும் கூர்க்கா சொன்னதைத்தான் கேட்டேன். நம் நூறு ரூபாய்க்கு அங்கே நூற்றறுபது. 1993-லிருந்து அந்த விகிதம் அசையவில்லை. கடையில் விலை கேட்டதும் "ஐசியா, என்சியா" என்று கேட்டுக்கொள்ள வேண்டுமாம், இந்தியக் காசா, நேபாளக் காசா என்று. 2018 டிசம்பரில் நூறுக்கு மேற்பட்ட நம் நோட்டுகளுக்கு அங்கே தடை போட்டார்கள். அந்த விதி அப்புறம் என்ன ஆனது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட நூறு ரூபாய்த் தாளாகச் சேர்ப்பது சுலபம். மளிகைக்கடை அண்ணாச்சி, பால் பூத், மெடிக்கல் ஷாப் என்று ஒரு மாதம் அலைந்து இருநூறு தாள் சேர்த்தேன். அதில் பாதி ஒட்டுப் போட்டது.

கூர்க்கா வரைந்துவிட்டுப் போன மறுநாள் காலை என் மனைவி வாசல் தெளித்தபோது அந்தச் சாக்பீஸ் படத்தின் மேல் தண்ணீர் படாமல் தெளித்தாள். கோலத்தையும் தள்ளிப் போட்டாள். மூன்று நாள் இருந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு டிக்கியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். பத்தரை மணிக்கு விசில் சத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கேட்டது. கூர்க்கா கேட்டுக்கு வெளியே நின்றார். கக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி.

"சார், ஸ்யாங்ஜால என் தம்பி ரோட்டுக்கு வந்து வாங்கிப்பான்."

புது மிக்ஸி. அவர் சம்சாரம் இன்னும் அம்மியில்தான் அரைக்கிறாராம். ரயிலில் கொண்டுபோக ரொம்ப நாளாகத் திட்டம், மூன்று வருஷமாகப் போகவே முடியவில்லை.

மச்சானுக்கு முகம் மாறியது. "மாப்ள, பன்சார்ல புதுச் சாமானுக்குத் தீர்வை கேப்பான். டிக்கில இடமும் இல்ல." பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அடியில் ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார்.

"உங்க ஊர்ல கரண்டு எவ்வளவு வோல்ட்டு?"

கூர்க்காவுக்குத் தெரியவில்லை. மச்சான் போனைத் தட்டிப் பார்த்தார். அங்கேயும் 230.

மிக்ஸியை வெளியே எடுத்து, ஜாரைத் திறந்து, பிளேடைச் சுற்றிப் பார்த்து மூடினார். அட்டைப்பெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தன் போர்வையை எடுத்து மிக்ஸியைச் சுற்றினார். "இப்ப இது பழசு" என்று பின்சீட்டில் நடுவே வைத்து, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

காலை ஆறு மணிக்கு பைபாஸ் ஏறினோம். புழல் தாண்டுவதற்குள் மச்சான் வண்டியை நிறுத்தினார். டீ குடிக்கவாம்.

(தொடரும்)