பெயர் முன்னே, மனிதர் பின்னே

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிறது எங்கள் சிறுவாச்சூர். வெளியூரில் அந்தப் பெயரைச் சொன்னதும் கேட்பவர் முகம் மலரும். "மதுரகாளியம்மன் ஊரல்லவா! திங்களும் வெள்ளியுந்தானே நடை திறப்பார்கள்?" என்று உறவு கொண்டாடுவார். அடுத்து, தங்கள் பெயர் என்ன என்பார். சொன்னதும் பேச்சு ஒரு கணம் தயங்கி நிற்கும். பிறகு, "தமிழ் நன்றாகப் பேசுகிறீர்களே! வீட்டில் உருதுதானே?" என்று ஒரு பாராட்டு வரும். பாட்டன், முப்பாட்டன் காலந்தொட்டுத் தமிழன்றி வேறு மொழி வழங்காத வீட்டில் பிறந்தவனை இந்தப் பாராட்டைப்போல் நோகச் செய்வது வேறொன்றில்லை. சொல்பவர் தீயவர் அல்லர். பெயரைக் கேட்டவுடன் அவர் நெஞ்சில் ஒரு முடிவு எழுதப்பட்டுவிடுகிறது. எழுதியது யாரென்று அவரும் அறியார்.

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் பழங்காலத்தவர் என்று விட்டுவிடுவோம். 1949 இல் அரசியல் நிர்ணய சபையில் மொழி விவாதம் நடந்தபோது தமிழுக்காக வாதாடியவர் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாகிப். கம்பன் காவியத்தில் தோய்ந்து நூல்கள் எழுதி, சென்னைக் கம்பன் கழகத்தின் தலைவராய் விளங்கியவர், சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த மு. மு. இஸ்மாயில். இரண்டு இஸ்மாயில்கள் போதவில்லை போலும்!

பாராட்டோடு போனாலும் பொறுக்கலாம், வயிற்றிலும் அடிக்கிறது. 2005 அக்டோபர் தொடங்கி 66 வாரங்கள், சுகதேவ் தோரட், பால் அட்டவெல் என்னும் ஆய்வாளர்கள் இந்நாட்டு ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பிச் சோதித்தார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. 2007 இல் முடிவு வெளியாயிற்று. அழைப்புப் பெறும் வாய்ப்பு விகிதம் உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்றால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33.

1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. பட்டத்தை வெட்டிவிட்டுத் தலைப்பெழுத்தோடு நிற்பவரின் சாதி, பெயரளவிலாவது மறையும். நம் பெயரில் எதை வெட்டுவது? "பார்த்தவுடன் தெரியாத பெயராய் வைப்போமே" என்று இளந்தாய்மார் சிலர் இப்போது சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால், அந்தத் தாயைக் கடிந்துகொள்ள நாவும் எழவில்லை.

பிறரை மட்டும் சொல்லி என்ன பயன்? ராவுத்தரா, லெப்பையா, மரைக்காயரா என்று விசாரித்த பின்னரே நம் வீடுகளில் சம்பந்தப் பேச்சு நகர்கிறது. மார்க்கத்திற்குப் புதிதாய் வந்த சகோதரர் தம் அழகிய பெயரைச் சொல்லி ஸலாம் உரைக்கிறார். பதில் ஸலாம் முடிந்த கையோடு, தொழுகையில் முதல் வரிசையை விடாத நம் பெரியவரே கேட்கிறார்: "முந்தைய பெயர் என்ன, தம்பி?"