பம்பாயிலிருந்து மட்டும் ரயில்

வேலைக்காக எங்கே பறந்தாலும் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். மும்பையிலிருந்து திரும்பும்போது மட்டும், "ரயில்ல வந்துடுடா" என்பார். சடையங்குப்பம் வீட்டு மாடியிலிருந்து விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி, ஏறியதில்லை.

காரணம் ராணி சந்திரா. 1976 அக்டோபர் 12. பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவல் விமானம், ஏறிய கொஞ்ச நேரத்திலேயே திரும்பி இறங்கப் பார்த்து விழுந்தது. 95 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ராணி சந்திராவோடு அவருடைய தாயும் சகோதரிகளும் போனார்கள். 'பத்ரகாளி' முடியாமல் நின்றது. மீதியை அவர் சாயலில் இருந்த இன்னொரு பெண்ணை வைத்து எடுத்தார் ஏ.சி.திருலோகசந்தர். பதினாலு வயதில் அதைப் பார்த்த அம்மா, டிவியில் அந்தப் படம் வந்தால் இன்றும் விரல் நீட்டுவார்: "இது அவ இல்லடா."

நான் படித்தது மெக்கானிக்கல். (எழுதுவது ஜாவா. அது வேறு கதை.) வலது இன்ஜினின் கம்ப்ரஸர் தட்டில் உலோகம் அயர்ந்து விட்ட விரிசல். தட்டு உடைந்து தீப்பிடித்தது, ஹைட்ராலிக் எண்ணெய் போனது, விமானம் விமானியின் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு கட்டுக்கம்பியை வளைத்து வளைத்து முறித்துக் காட்டினேன். கேரவலெல்லாம் இப்போ பறக்கறதே இல்லம்மா என்றேன்.

அம்மா கம்பியை வாங்கி, முறிந்த இடத்தைத் தடவினார்.

"முறியறதுக்கு முன்னாடி தெரியாதா?"

"சில சமயம் தெரியும்மா."

போன மாதம் மும்பை வேலை முடிந்ததும் ரயில் ஏறினேன். ஆபீஸில் கேட்டவர்களிடம் ஃப்ளைட் டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டேன்.